ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர் தன் ரேட்டை எப்படிக் கணக்குப் போடுவது?

நீங்கள் கேட்டது இதுதான்: இரண்டு வருடமாக ஒரு வேலையில் இருந்துகொண்டே விடுமுறை நாட்களில் போட்டோ எடுக்கிறீர்கள். ஆர்டர் வருகிறது, ஓட்டமாக ஓடுகிறீர்கள், ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. மற்றவர்கள் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் ரேட் சொல்கிறீர்கள். எங்கே தப்பு நடக்கிறது, ரேட்டை எப்படி முடிவு செய்வது, வேலையை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

முடியும். நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கணக்கைத் தொடங்குகிற இடம் சரியில்லை. அடுத்தவர் ரேட்டைப் பார்த்துவிட்டு அதிலிருந்து இறங்கி வருகிறீர்கள். அவர் சொந்த வீட்டில் இருக்கிறாரா, கேமரா வாங்கிய கடன் முடிந்ததா, வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்கிறாரா, இல்லை அவரே நஷ்டத்தில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாரா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. உங்கள் ரேட் உங்கள் வீட்டுச் செலவிலிருந்துதான் கிளம்ப வேண்டும். சந்தை ரேட்டைக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த நாணயத்துக்கும் பொருந்தட்டும் என்பதற்காக ‘பங்கு’ என்றே சொல்கிறேன். உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு மாதம் 10 பங்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 120. வருமான வரிக்கு ஒரு 20. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வயதான காலத்துக்கும் சேமிப்பாக 30. சம்பளக்காரருக்கு நிறுவனம் பிடித்துச் சேர்த்துவைக்கும் பணம் இது, நமக்கு நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். தொழில் செலவுக்கு 55: கேமரா, லென்ஸ் தேய்மானம், இன்சூரன்ஸ், எடிட்டிங் சாஃப்ட்வேர் சந்தா, ஹார்ட் டிஸ்க், போக்குவரத்து, போன், இணையம், இணையதளம், கணக்குப் பார்ப்பவருக்கான கட்டணம், உதவியாளர் கூலி. கடைசியாக 15, வராத பாக்கிக்கும் ரத்தாகும் ஆர்டருக்கும். கூட்டினால் 240 பங்கு.

இனி நாட்கள். 365இல் வாரம் இரண்டு நாள் ஓய்வைக் கழித்தால் 261 வரும். காய்ச்சல், வீட்டு விசேஷம், ஊருக்குப் போவது என்று ஒரு 21 நாள் போகும். மீதி 240. எல்லோரும் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 240 பங்கு, 240 நாள், அப்படியானால் நாளுக்கு ஒரு பங்கு வாங்கினால் போதும் என்று தோன்றும். அதுவும், மாதம் 10 பங்கு சம்பளத்துக்கு 20 நாள் வேலை செய்தபோது நாளுக்கு அரை பங்குதானே கிடைத்தது, இப்போது இரண்டு மடங்காகிறதே என்று மனசு சமாதானமாகிவிடும்.

ஆனால் அந்த 240 நாளையும் உங்களால் விற்க முடியாது. ஒரு நாள் ஷூட்டுக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கல்யாணத்தில் 3,000 படம் எடுத்து வந்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் கார்டிலிருந்து காப்பி, அதற்கு ஒரு பேக்கப், அதற்கும் இன்னொரு பேக்கப். மறுநாள் தேர்வு. ஒரு படத்துக்கு மூன்றே விநாடி பார்த்தாலும் இரண்டரை மணி நேரம். கண் மூடியது, பின்னால் யாரோ குறுக்கே வந்தது, ஒரே காட்சியில் ஏழெட்டு என்று தள்ளித் தள்ளி 500 படம் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம், நிறம், சாய்வு, ஓரத்து வெட்டு எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம் போட்டால் பன்னிரண்டரை மணி நேரம். ஆகப் பதினைந்து மணி நேரம், கிட்டத்தட்ட இரண்டு முழு நாள். ஆல்பம் வடிவமைப்பும் “இதில் மட்டும் கொஞ்சம் முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தரமுடியுமா” என்ற திருத்தங்களும் இதில் சேரவில்லை. ஆக, ஒரு ஷூட் என்பது மூன்று நாள் வேலை.

இதுபோக ஆர்டர் பிடிப்பதற்கே நாள் போகிறது. போனில் விசாரிப்பவருக்குப் பதில், கொட்டேஷன், நேரில் சந்திப்பு, இடம் பார்ப்பது, கணக்கு எழுதுவது, புதுப் படங்களை ஏற்றுவது, கேமரா சர்வீஸ். வாரத்துக்கு ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேலே, வருடத்துக்கு 60 நாள் என்று வையுங்கள். 240இல் 60 போனால் 180. அதை மூன்றால் வகுத்தால் 60 ஷூட்.

அவ்வளவுதான் உங்களிடம் விற்க இருப்பது: வருடத்துக்கு 60 நாள். 240ஐ 60ஆல் வகுத்தால் ஒரு ஷூட்டுக்கு 4 பங்கு. நாளுக்கு ஒரு பங்கு வாங்குகிறவருக்கு வருடத்தில் வருவது 60 பங்கு. அது வீட்டுச் செலவில் பாதிக்குத்தான் காணும், கேமராவுக்கும் வரிக்கும் சல்லிக்காசு மிஞ்சாது. அந்தப் பள்ளத்தை மூட அவர் ஆர்டரைக் கூட்டுவார். ஆர்டர் கூடக் கூட எடிட் சேரும், டெலிவரி தாமதமாகும், பேர் கெடும், அப்புறம் ரேட்டை ஏற்றவும் முடியாது. ஓடி ஓடி உழைத்தும் கையில் ஒன்றும் நிற்காததற்குக் காரணம் சோம்பேறித்தனமோ திறமைக் குறைவோ கிடையாது, வகுத்த எண் தப்பு.

எல்லா வேலையிலும் ஒரு நாள் ஷூட்டுக்கு இரண்டு நாள் எடிட் வராது. ஒரு அலுவலகத்தில் முப்பது பேருக்கு முகப்படம் எடுத்தால் ஒரே லைட், ஒரே பின்னணி. எடிட் அரை நாளில் முடியும். நகைபோல மினுக்கும் பொருளை எடுத்தாலோ பத்து படத்துக்கே இரண்டு நாள் ரீடச்சிங் (சின்னச் சின்னக் குறைகளைத் திருத்துவது) ஆகும். அதனால் ஷூட்டுக்கு விலை என்று வைக்காமல் கைவேலை நாளுக்கு, அதாவது எடுக்கும் நாள், எடிட் நாள் ஒவ்வொன்றுக்கும், விலை வையுங்கள். 180 கைவேலை நாளுக்கு 240 பங்கு, அதாவது நாளுக்கு 1.33. வேலை எதுவானாலும் எடுக்கும் நாளையும் எடிட் நாளையும் கூட்டி இதால் பெருக்குங்கள். அதற்குக் கீழே இறங்கினால் உங்கள் சேமிப்பிலிருந்து எடுத்து கிளையன்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அரை நாள் வேலைக்குப் பாதி ரேட் போடாதீர்கள். காலையில் போய் மதியம் திரும்பினாலும் மிச்ச அரை நாளை வேறு யாருக்கும் விற்க முடிவதில்லை. முழு நாளில் 60, 70 சதவீதம் கேட்பதுதான் நியாயம்.

தேய்மானத்தைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பெரும்பாலோர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மெக்கானிக்கல் ஷட்டர் (ஒவ்வொரு கிளிக்கிலும் திறந்து மூடும் திரை) உள்ள கேமராக்களுக்கு, ரகத்தைப் பொறுத்து, தயாரிப்பாளர்கள் சொல்லும் ஷட்டர் ஆயுள் ஏறக்குறைய 1,00,000 முதல் 5,00,000 கிளிக் வரை. ஷூட்டுக்கு 3,000 வீதம் 60 ஷூட் என்றால் வருடத்துக்கு 1,80,000. கீழ்நிலை ரகம் ஒரே வருடத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். நிக்கான் இசட்8, இசட்9 மாதிரி மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாத கேமராவில் அந்தத் தேய்மானம் இல்லைதான். ஆனாலும் பேட்டரி, பட்டன், லென்ஸ் மோட்டார், மழை, கீழே விழுவது என்று எல்லாம் இருக்கவே இருக்கிறது. அடுத்தது சேமிப்பு இடம். 45 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (எடிட்டுக்கு முந்தைய மூலப் படம்) சுமார் 50 எம்பி வரும். 3,000 படம் 150 ஜிபி. 60 ஷூட்டுக்கு 9 டிபி. மூன்று காப்பி, அதில் இரண்டு வேறுவேறு ஊடகத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழக்கத்தைக் கடைப்பிடித்தால் 27 டிபி. இந்தச் செலவு ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும். ஒரு கேமராவை மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும் என்றால் அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கை இந்த வருட ஷூட்டுகளிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும்.

பொருள் வாங்கும் ஆசைக்கும் இங்கேயே ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நாலைந்து தடவை மட்டும் தேவைப்படும் லென்ஸை வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையை கொட்டேஷனில் சேருங்கள். அடிக்கடி வாடகைக்கு எடுக்க நேர்ந்தால் அப்போது வாங்கலாம். இதற்கு ஒரே விலக்கு, திரும்ப எடுக்கவே முடியாத நிகழ்ச்சிகள். அவற்றுக்கு இரண்டாவது கேமராவும், ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதும் வசதியும் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் கல்யாண ஆர்டர் எடுப்பதை நான் தவறு என்றே சொல்வேன்.

சரி, கைவேலை நாளுக்கு 1.33 பங்கு என்பது அடிமட்ட விலை. இதற்கு மேல் எவ்வளவு கேட்கலாம் என்பதுதான் தொழிலின் அடுத்த பாதி. அது அந்தப் படத்தை வைத்து கிளையன்ட் என்ன செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தது.

1996 ஜனவரியில் சார்லஸ் ஓரியர் என்ற அமெரிக்க போட்டோகிராபர் கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் காரில் போகும்போது பச்சைக் குன்றையும் நீல வானத்தையும் பார்த்து நிறுத்திப் படம் எடுத்தார். விண்டோஸ் எக்ஸ்பியின் முகப்புத் திரையில் உலகமே பார்த்த படம் அது. படங்களைப் பயன்படுத்தும் உரிமையை விற்றுத்தரும் கார்பிஸ் என்ற படக் களஞ்சியத்தில் அதை வைத்திருந்தார். மைக்ரோசாஃப்ட் அதன் முழு உரிமையையும் வாங்கியது; தொகை எவ்வளவு என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பதும் ஒப்பந்தம். எடுக்க ஆன நேரத்தைக் கணக்குப் போட்டால் அந்தப் படத்துக்குச் சில நிமிடக் கூலிதான் கிடைத்திருக்கும். அதன் விலையை முடிவு செய்தது அது போய்ச் சேர்ந்த இடம். உரிமை அவர் கையில் இருந்ததால்தான் விலை பேசவும் முடிந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. டாரத்தியா லாங்கே என்ற போட்டோகிராபர் 1936இல் எடுத்த, குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் புலம்பெயர்ந்த தாயின் படம் இன்றுவரை புத்தகம் புத்தகமாக அச்சாகிறது. அமெரிக்க அரசுத் துறையின் சம்பளத்தில் எடுத்த படம் என்பதால் அது பொதுச்சொத்து. அது சம்பளக்காரருக்குரிய ஏற்பாடு. அவருக்கு மாதாமாதம் சம்பளம் வந்தது. நமக்கு அந்தச் சம்பளம் இல்லை. அப்படியிருக்க, சம்பளக்காரர் போல உரிமையை மட்டும் மொத்தமாகக் கொடுத்துவிடுவது கட்டுப்படியாகாது. 1947இல் ராபர்ட் காப்பா, ஆன்ரி கார்த்தியே பிரெஸோன், ஜார்ஜ் ரோட்ஜர், டேவிட் சீமோர் ஆகிய போட்டோகிராபர்கள் மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியதற்கு முக்கியமான காரணமும் இதுவே: படத்தின் உரிமை பத்திரிகைக்குப் போகாமல் எடுத்தவரிடம் இருக்க வேண்டும், ஒரே படத்தைப் பல இடங்களுக்கு விற்க முடிய வேண்டும்.

சட்டம் தானாகவே உங்களைக் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். பதிப்புரிமை பற்றி நாடுகள் செய்துகொண்ட 1886இன் பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. படம் எடுத்ததும் உரிமை வந்துவிடும். ஆனால் யாருக்கு வருகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1989 ஆகஸ்டில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. அதற்குப் பிறகு எடுத்தவருக்கு. கனடாவில் இதே மாற்றம் வர 2012 ஆனது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அமெரிக்காவில் ஃப்ரீலான்ஸர் எழுத்தில் விட்டுக்கொடுக்காதவரை உரிமை பெரும்பாலும் அவரிடமே நிற்கும். எந்த நாட்டில் இருந்தாலும் வழி ஒன்றுதான். உரிமை யாருக்கு, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஷூட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வீட்டு விசேஷப் படங்களுக்கு இது பெரிய பிரச்சினை கிடையாது. அவர்கள் ஆல்பமாக்கட்டும், சொந்தக்காரர்களுக்கு அனுப்பட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் பிரிண்ட் போடட்டும். அதற்கும் சேர்த்துத்தான் விலை வாங்கியிருக்கிறோம். வியாபாரத்துக்குப் போகும் படம்தான் வேறு கதை. ஒரே தட்டு, ஒரே சாப்பாடு, ஒரே வெளிச்சம். ஒரு சின்ன ஓட்டல் மெனு அட்டைக்குக் கேட்டால் ஒரு விலை, ஐம்பது கிளை உள்ள நிறுவனம் இரண்டு வருட விளம்பரப் பலகைக்குக் கேட்டால் வேறு விலை. எங்கே வரும், எத்தனை காலம், எந்தெந்த ஊடகம், எந்தப் பரப்பில், வேறு யாருக்கும் தரக்கூடாதா என்று கேட்டுக்கொண்டே போனால் விலை தானாகத் தெளியும். ஷூட்டுக்கான கட்டணத்தைத் தனி வரியாகவும் பயன்பாட்டுக் கட்டணத்தைத் தனி வரியாகவும் இன்வாய்ஸில் போடுங்கள். ஒரு வருடம் முடிந்து அவர்கள் மறுபடி பயன்படுத்த விரும்பினால், இரண்டாவது வரியை மட்டும் புதுப்பித்து இன்வாய்ஸ் அனுப்பலாம். கேமராவைத் தொடாமல் வரும் வருமானம் இது. ஃப்ரீலான்ஸரின் வாழ்க்கையில் மெத்தப் பயனுள்ளது.

இதையெல்லாம் பேச்சில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பலருக்குத் தயக்கம். போன் அடிக்கும். எடுத்ததும், “ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்குறீங்க?”

உடனே எண்ணைச் சொல்லாதீர்கள். “சொல்றேங்க. என்ன எடுக்கணும், படம் எங்கே போகப்போகுதுன்னு மட்டும் முதல்ல சொல்லுங்க.”

“புது சோபா மாடல் ஒரு இருபது. வெப்சைட்டுக்குத்தான்.”

“வெப்சைட் மட்டுமா, விளம்பரத்துக்கும் வருமா? சோபாவை இடம் மாத்தி வைக்க ஆள் இருக்காங்களா? எப்போ வேணும்?”

இந்த மூன்று கேள்வியில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். விளம்பரம் உண்டு, ஆள் இல்லை, மூன்று நாளில் வேண்டும் என்று தெரிந்தால் பயன்பாட்டுக் கட்டணம், உதவியாளர் கூலி, அவசரக் கட்டணம் மூன்றும் சேரும். “இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுத்துல அனுப்பிடுறேன்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். போனிலேயே சொல்லும் எண் பெரும்பாலும் பயத்தில் சொல்லும் எண்ணாகத்தான் இருக்கும்.

அனுப்பியபிறகு பேரம் வரும், வரட்டும். “பட்ஜெட் அவ்வளவு இல்லையே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்றால், “சரிங்க, உங்க பட்ஜெட்டுக்குள்ள பன்னிரண்டு மாடல் எடுத்துத் தரேன். இல்லேன்னா இருபதும் எடுக்கலாம், விளம்பரத்துக்குப் பயன்படுத்துறதை மட்டும் அப்புறம் சேர்த்துக்கலாம்” என்று சொல்லுங்கள். விலை குறைந்தால் வேலையும் குறைய வேண்டும். அதே வேலையை அப்படியே வைத்துக்கொண்டு விலையை மட்டும் இறக்கினால், முதலில் சொன்ன விலை சும்மா ஏற்றிச் சொன்னது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அடுத்த தடவை அவர் அந்த இறங்கிய விலையிலிருந்துதான் பேரத்தை ஆரம்பிப்பார்.

“இந்தத் தடவை இலவசமா பண்ணுங்க, உங்க பேர் வெளியே வரும், அடுத்து பெரிய வேலை தரோம்” என்பதற்கு என் கருத்து உறுதியானது. மற்றவர் எல்லோருக்கும் காசு கொடுக்கும் நிகழ்ச்சியில் போட்டோகிராபருக்கு மட்டும் பேர் கொடுப்பது நியாயமில்லை. நீங்களாகத் தேர்ந்தெடுத்து, உங்கள் மனசுக்குப் பிடித்த ஒரு தொண்டு வேலைக்கோ, போர்ட்ஃபோலியோவில் (உங்கள் வேலையைக் காட்டும் படத் தொகுப்பில்) இல்லாத ஒரு வகைக்கோ இலவசமாக எடுக்கலாம். அப்போதும் முழு விலையை எழுதி, அதற்குக் கீழே முழுத் தள்ளுபடி என்று போட்டு இன்வாய்ஸ் கொடுங்கள். வாங்கியது எவ்வளவு மதிப்புள்ளது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பணத்தை வசூலிப்பதற்கு வருவோம். அட்வான்ஸ் வராமல் தேதியை யாருக்கும் எழுதிவைக்காதீர்கள். அந்தத் தேதியை அவருக்குக் கொடுத்துவிட்டால் வேறொருவருக்கு ‘இல்லை’ என்று சொல்லப்போகிறீர்கள். 60 நாளில் ஒரு நாள் அது. அதனால் முன்பதிவுத் தொகை திரும்பக் கிடைக்காது என்பதை வாயாலும் சொல்லி எழுத்திலும் போடுங்கள். விசேஷங்களுக்கு மூன்று தவணை நன்றாக வேலை செய்கிறது: பதிவு செய்யும்போது ஒரு பகுதி, நிகழ்ச்சிக்கு முன் பெரும்பகுதி, முழு அளவுப் படங்களைக் கொடுக்கும் முன் மிச்சம். பார்த்துத் தேர்வு செய்வதற்குச் சின்ன அளவில், மேலே பேர் பதித்த படங்களை அனுப்பினால் போதும். நிறுவனங்கள் பெரும்பாலும் 30 நாள், 60 நாள் என்று தவணை கேட்கும். ஒப்புக்கொள்ளலாம், ஆனால் கெடு எந்தத் தேதி என்று இன்வாய்ஸிலேயே அச்சாகியிருக்கட்டும், பயன்பாட்டு உரிமை முழுப்பணம் வந்த பிறகுதான் தொடங்கும் என்ற வரியும் இருக்கட்டும். பாக்கியைக் கேட்க அந்த ஒரு வரி மிகவும் உதவும்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும். எத்தனை மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, ஏறக்குறைய எத்தனை படம், எந்தத் தேதிக்குள், எத்தனை தடவை திருத்தம், தள்ளிவைத்தாலோ ரத்தானாலோ என்ன, நீங்கள் உடம்பு முடியாமல் போனால் யார் வருவார், படங்களை எத்தனை காலம் பாதுகாப்பீர்கள், உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடலாமா, ரா ஃபைல் உண்டா இல்லையா. சண்டை வருவதெல்லாம் இதில் எழுதாமல் விட்ட ஒரு வரியில்தான் வரும். அதிகமாக வருவது திருத்தத்தில். ‘திருத்தம் இரண்டு தடவை, அதற்கு மேல் தனிக் கட்டணம்’ என்று போட்டாலே பாதிச் சண்டை வராது.

வருமானத்தை ஒரே வகை வேலையில் நிறுத்தாதீர்கள். விசேஷ வேலை சீசனுக்குச் சீசன் குவியும், நடுவில் வறண்டுவிடும். பொருள் படம், கட்டடப் படம், அலுவலக முகப்படம் மாதிரியான வேலைகள் தொகை குறைவாக இருந்தாலும் வருடம் முழுக்க வரும், எடிட்டும் சுருக்கம், அதே கிளையன்ட் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார். மற்ற போட்டோகிராபர்களுக்குத் துணையாகப் போவதும், அவர்களுக்கு எடிட் செய்து தருவதும் வறண்ட மாதங்களில் கைகொடுக்கும். படக் களஞ்சியத்தில் ஏற்றிவைத்துச் சம்பாதிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மலிவு விலையில் படம் விற்கும் ஐஸ்டாக் 2000இலும் ஷட்டர்ஸ்டாக் 2003இலும் வந்ததிலிருந்து ஒரு படத்துக்குக் கிடைக்கும் தொகை மிகவும் சுருங்கிவிட்டது. மிச்சமிருக்கும் படங்களை ஏற்றிவைப்பதில் தப்பில்லை, ஆனால் அதை வீட்டுச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சீசனில் வரும் பணத்தை உங்கள் பணம் என்று நினைக்காமல் இருப்பது ரொம்ப முக்கியம். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. எல்லா வரவும் அதில்தான். அதிலிருந்து மாதம் பிறந்தால் 10 பங்கு மட்டும் வீட்டுக் கணக்குக்கு, சீசன் மாதமாக இருந்தாலும் சரி, சும்மா இருக்கும் மாதமாக இருந்தாலும் சரி. வரிக்கான பங்கை ஒவ்வொரு வரவிலும் அன்றைக்கே எடுத்து ஒதுக்கிவிடுங்கள்.

ரேட்டை எப்போது ஏற்றுவது? விசாரிக்கிற பத்துப் பேரில் பத்துப் பேரும் மறுபேச்சில்லாமல் சரி என்றால் உங்கள் விலை தாழ்ந்திருக்கிறது. நாலைந்து பேர் யோசித்துவிட்டு வேண்டாம் என்று போவதுதான் ஆரோக்கியமான நிலை. முதலில் புதியவர்களுக்கு ஏற்றுங்கள். பழையவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, எந்தத் தேதியிலிருந்து புது ரேட் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். சிலர் போவார்கள். 1 பங்கில் இருந்து ஒரே தாவலில் 4க்குப் போகவும் முடியாது. ஆனால் குறைந்த விலை ஆர்டர் நாலைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சரியான விலை ஆர்டருக்குத் தேதியும் இருக்காது, அதற்குத் தகுந்த படங்களை எடுக்க நேரமும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு ஏழெட்டு ஆர்டருக்கு ஒருமுறை ஒரு படி ஏற்றிக்கொண்டே போங்கள். சந்தையில் யாருமே கொடுக்காத அளவுக்கு உங்கள் அடிமட்ட விலை வந்தால், அப்போது பார்க்க வேண்டியது செலவையும் வேலையின் வகையையும்: எடிட் நாள் குறைகிற வேலை, பயன்பாட்டுக் கட்டணம் கிடைக்கிற வேலை.

வேலையை எப்போது விடுவது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே வேண்டாம். சம்பளம் வரும்போதே ரேட்டை ஏற்றுவதுதான் எளிது, ஏனென்றால் ஒரு ஆர்டர் கைநழுவினாலும் அடுப்பு எரியும். ஆறு மாத வீட்டுச் செலவு தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும். கேமராக் கடன் முடிந்திருக்க வேண்டும். அடிமட்ட விலைக்குக் குறையாத ஆர்டர்கள் அடுத்த மூன்று மாதத்துக்காவது அட்வான்ஸோடு பதிவாகியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் தைரியமாக விடுங்கள்.

அதற்கு முன் இந்த வாரத்தில் ஒன்று செய்யுங்கள். கடைசியாக முடித்த மூன்று ஆர்டர்களை எடுத்து, முதல் போன் வந்த நேரத்திலிருந்து கடைசித் திருத்தம் அனுப்பியது வரை எத்தனை மணி நேரம் போனது, எவ்வளவு செலவானது என்று ஞாபகம் உள்ள வரை எழுதுங்கள். வாங்கிய தொகையில் செலவைக் கழித்து, மிச்சத்தை அந்த மணி நேரத்தால் வகுங்கள். எட்டால் பெருக்கினால் இப்போது எட்டு மணி நேர வேலை நாள் ஒன்றுக்கு உங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியும். அந்த எண்ணையும், மேலே சொன்ன மாதிரி உங்கள் வருடச் செலவின் பட்டியலையும் எழுதி அனுப்புங்கள். முதல் படியில் எவ்வளவு ஏற்றலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.